வாங்கிய ஆர்க்கிட் மறுபடி பூக்காதது ஏன்? உரத்தைத் தேடும் முன் ரகத்தைப் பாருங்கள்

பூவோடு கூடிய ஆர்க்கிட் தொட்டியைப் பல்பொருள் அங்காடியிலும் இணையத்திலும் வாங்குவது இப்போது சாதாரணமாகிவிட்டது. திசு வளர்ப்பு முறையில் ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கான கன்றுகளை உருவாக்க முடிவதே இதற்குக் காரணம். கூடவே, மாடித்தோட்டம் வைத்திருப்பவர்களிடம் இருந்து ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது: "பூ உதிர்ந்து ஒரு வருஷம் ஆச்சு. இலை நல்லாத்தான் இருக்கு. ஆனா மறுபடி பூக்கவே இல்லை. என்ன உரம் போடலாம்?"

இதற்குப் பதில் உரத்தில் இல்லை. பெரும்பாலும் அந்தச் செடி உங்கள் ஊருக்கு ஏற்ற ரகமே இல்லை.

கடைகளில் அதிகம் விற்பது பெலனாப்சிஸ் ரகம். அகன்ற இலையும், வண்ணத்துப்பூச்சி போன்ற பூவும் கொண்டது. பூக்காம்பு விட வேண்டுமானால், இதற்குச் சில வாரங்களாவது பகல் வெப்பம் 25 டிகிரி செல்சியஸை ஒட்டியோ அதற்குக் கீழோ இருக்க வேண்டும். 28 டிகிரிக்கு மேல் தொடர்ந்தால் இலை மட்டும் விடும். சென்னையில் ஜனவரியில்கூட பகல் வெப்பம் 29 டிகிரியை ஒட்டியே இருக்கிறது. குளிரூட்டப்பட்ட கூடத்தில் பூக்க வைத்த செடியைத்தான் நீங்கள் வாங்கி வந்தீர்கள். அந்தக் குளிர் உங்கள் வீட்டில் கிடைக்கவில்லை. இரவில் மட்டும் ஏசி போட்டாலும், பகலில் சூடு ஏறினால் பலன் குறைவு.

ஊருக்கு ஏற்ற ரகம் எது?

சமவெளி, கடலோர மாவட்டங்கள்: முதல் தேர்வு டென்ட்ரோபியம் கலப்பினங்கள். கரும்பு போல் கணுக்கணுவாகத் தண்டு இருக்கும். வெப்பத்தையும் ஈரக்காற்றையும் விரும்பும். ஊதாவும் வெள்ளையும் கலந்த 'சோனியா' புதியவர்களுக்கு நல்ல தொடக்கம். அடுத்து வாண்டா, மொகாரா. இவை தொங்கும் வேர்களால் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சுபவை. நல்ல வெளிச்சம் உள்ள மாடி உகந்தது. ஆனால் தினமும் நனைக்க ஆள் வேண்டும். நாலு நாள் ஊருக்குப் போகும் வீட்டில் வாண்டா வேண்டாம்.

கோவை, ஓசூர் போன்ற மிதமான ஊர்கள்: டென்ட்ரோபியத்துடன் ஆன்சிடியம், கேட்லியாவையும் முயலலாம். குளிர்காலத்தில் பகல் வெப்பம் தணியும் இடமாக இருந்தால் பெலனாப்சிஸும் பூக்க வாய்ப்பு உண்டு.

ஊட்டி, குன்னூர், கொடைக்கானல்: சிம்பிடியத்துக்கு உரிய இடம். இலையுதிர் காலத்தில் 10 முதல் 14 டிகிரி வரையிலான இரவுக் குளிர் கிடைத்தால்தான் இது மொட்டு வைக்கும். விருந்துக்குப் போன இடத்தில் பார்த்துவிட்டு இதை மதுரைக்கு வாங்கி வருவது வீண் செலவு.

பராமரிப்பில் செய்யும் மூன்று தவறுகள்

முதலாவது, மண். இந்த ரகங்கள் பெரும்பாலும் மரத்தில் தொற்றி வளரும் இனங்களின் வழி வந்தவை. வேருக்குக் காற்று வேண்டும். செம்மண்ணோ, தூளான தென்னை நார்க் கழிவோ போட்டால் வேர் அழுகும். பக்கவாட்டில் ஓட்டை உள்ள மண் தொட்டியில் கரித்துண்டு, செங்கல் துண்டு, தேங்காய் மட்டைத் துண்டு ஆகியவற்றைக் கலந்து நிரப்புங்கள். மட்டைத் துண்டை இரண்டு மூன்று நாள், தண்ணீரை மாற்றி மாற்றி ஊறவைத்து, உப்பும் கறையும் போன பிறகே பயன்படுத்துங்கள்.

இரண்டாவது, தண்ணீர். வேரைப் பாருங்கள். வெள்ளி போல் வெளுத்திருந்தால் ஊற்றலாம். பச்சையாக இருந்தால் பொறுத்திருக்கலாம். காலையில் ஊற்றுங்கள். பெலனாப்சிஸ் இலைகளின் நடுக்குருத்தில் தண்ணீர் தேங்கினால் ஒரே வாரத்தில் அழுகல் நோய் வரும். உப்பு மிகுந்த போர்வெல் தண்ணீர் வேர் நுனியைக் கருக்கும். மழைநீர் சேகரித்து வைத்திருந்தால் அதை ஆர்க்கிட்டுக்கு ஒதுக்குங்கள்.

மூன்றாவது, வெளிச்சம். இருட்டான வரவேற்பறை மூலை பூவைத் தராது. டென்ட்ரோபியத்துக்கு 50 சதவீத நிழல்வலை போதும். பெலனாப்சிஸுக்கு 75 சதவீதம். இலையே அளவுகோல்: கரும்பச்சையாக இருந்தால் வெளிச்சம் போதவில்லை, இளம்பச்சை சரி, பழுப்புத் திட்டு விழுந்தால் வெயில் அதிகம்.

உரம் இதற்குப் பிறகுதான். 19:19:19 கரையும் உரத்தை லிட்டருக்கு 1 கிராம் வீதம் கலந்து வாரம் ஒருமுறை தெளித்தால் போதும். நான்காவது வாரம் வெறும் தண்ணீர் விட்டுத் தொட்டியில் தங்கிய உப்பைக் கழுவி விடுங்கள். டென்ட்ரோபியத்தில் பூத்து முடிந்த பழைய தண்டைப் பச்சையாக இருக்கும்வரை வெட்டாதீர்கள். செடிக்கான சேமிப்பு அதில்தான் இருக்கிறது. சில நேரம் அதிலேயே மறுபடியும் பூக்கும். வெட்டும் கத்தியை ஒவ்வொரு செடிக்கும் தீயில் காட்டி எடுங்கள். ஆர்க்கிட்டைத் தாக்கும் நச்சுயிரி நோய்கள் கத்தி வழியே பரவும். வந்தால் மருந்து கிடையாது.

'காட்டு ஆர்க்கிட்' வேண்டாம்

கடைச் செடி பூக்காமல் சலித்துப் போனவர்களைக் குறிவைத்து இன்னொரு விற்பனையும் நடக்கிறது. "நம்ம ஊர் மலை ஆர்க்கிட், கவனிப்பே தேவையில்லை" என்று மலைச் சாலையோரங்களிலும் சமூக ஊடகக் குழுக்களிலும் கொத்துக் கொத்தாக விற்கிறார்கள். விலை குறைவு. இவற்றில் பல, மரத்தில் இருந்து பிய்த்து எடுத்தவை.

ஓர் ஆர்க்கிட் காயில் லட்சக்கணக்கான விதைகள் இருக்கலாம். ஆனால் விதைக்குள் சேமித்த உணவு கிடையாது. குறிப்பிட்ட பூஞ்சையோடு சேர்ந்தால்தான் முளைக்கும். முளைத்தாலும் பூக்கப் பல ஆண்டுகள் ஆகும். எனவே பூக்கும் வயதுச் செடி ஒன்றை எடுத்தால், அந்த மரத்தில் இடம் எளிதில் நிரம்பாது. அகத்தியமலையில் மட்டுமே இயற்கையாக வளரும் மஞ்சள் நிற ஸ்லிப்பர் ஆர்க்கிட், பாபியோபெடிலம் ட்ரூரி. சேகரிப்பவர்களின் ஆசையும் காட்டுத் தீயும் சேர்ந்து, அதை அழிவின் விளிம்புக்குக் கொண்டு வந்துவிட்டன.

சட்டமும் தெளிவாக இருக்கிறது. காப்புக்காட்டில் இருந்து அனுமதியின்றிச் செடி எடுப்பது குற்றம். ஸ்லிப்பர் ஆர்க்கிட்டுகளும், வடகிழக்கு மாநிலங்களின் நீல வாண்டாவும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் தாவரப் பட்டியலில் ஏற்கெனவே இடம்பெற்றவை. அழியும் அபாயமுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிக ஒப்பந்தமான சைட்டிஸ், ஆர்க்கிட் குடும்பம் முழுவதையும் கட்டுப்பாட்டுக்குள் வைத்திருக்கிறது. அந்த ஒப்பந்தத்துக்கு ஏற்ப 2022இல் திருத்தப்பட்ட நம் சட்டம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. நாற்றங்காலில் பெருக்கிய கலப்பினங்களை வளர்ப்பதில் பயம் வேண்டாம். எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடியாத செடிதான் சிக்கல்.

எப்படிக் கண்டுபிடிப்பது? வேரில் மரப்பட்டை ஒட்டியிருக்கும். இலைகளில் பாசியும் பூச்சி கடித்த பழைய தழும்பும் இருக்கும். வேர்கள் அறுந்து, செடிகள் ஒன்றுக்கொன்று அளவு மாறி இருக்கும். பெயர்ச்சீட்டு இருக்காது. நாற்றங்கால் செடி ஒரே சீராக இருக்கும். வேர் தொட்டியைச் சுற்றி வளர்ந்திருக்கும். தொட்டியின்றி விற்கும் கலப்பின வாண்டாவிலும் வேர் சுத்தமாக, முழுதாக இருக்கும், பெயர்ச்சீட்டும் இருக்கும். பிய்த்து எடுத்த செடி பெரும்பாலும் வீட்டில் பிழைப்பதில்லை. காட்டுக்கும் போச்சு, உங்கள் காசும் போச்சு.

காட்டு ஆர்க்கிட்டுகளைப் பார்க்க ஆசையா? ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் ஆர்க்கிட் தோட்டம் இருக்கிறது. உங்கள் ஊர் மாமரத்திலேயே வாண்டா டெசலேட்டா தானாகத் தொற்றி வளர்ந்திருந்தால், பிய்க்காமல் அங்கேயே விட்டுவிடுங்கள். மரம் அதற்குத் தாங்கல் மட்டுமே. சாற்றை உறிஞ்சும் புல்லுருவி அல்ல.

அடுத்த முறை கடைக்குப் போகும்போது, பூவின் நிறத்தைப் பார்க்கும் முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். இதன் பெயர் என்ன? எந்த நாற்றங்காலில் வளர்ந்தது? என் ஊர் வெயிலில் மறுபடி பூக்குமா? மூன்றுக்கும் பதில் சொல்லும் கடையில் சின்னதாக ஒரு டென்ட்ரோபியம் வாங்கித் தொடங்குங்கள். உங்கள் மாடியில் அது இரண்டாவது முறை பூத்த பிறகு அடுத்த ரகத்துக்குப் போகலாம்.