ஸ்டியரிங் இழுக்குது என்று சாரதி சொன்னால்

"சேர், கெப்பு கானுக்குள்ள போயிருச்சு!"

காலைக் கூட்டம் முடிந்து வகுப்புக்குப் போகிற நேரத்தில் ஆறாம் ஆண்டுப் பிள்ளை ஒன்று ஓடிவந்து சொன்னது இது. நாங்கள் போய்ப் பார்த்தபோது தோட்டத்து கெப் மலைப்பக்கக் கானுக்குள் மூக்கைக் குத்தி நின்றது. முன்சக்கரங்களில் ஒன்று நேராகப் பார்த்தது, மற்றது வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தது. பின்னால் நின்று வந்த பதினொரு பெண்களும் றோட்டோரம் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவருக்குக் கை முறிவு. இன்னொருவருக்கு நெற்றியில் தையல் போட வேண்டியிருந்தது. வண்டி மறுபக்கம் இழுத்திருந்தால் அங்கே கான் இல்லை, பள்ளம்தான்.

"ரெண்டு கிழமையா சொல்லிக்கிட்டுத்தான் இருந்தேன் சேர், ஸ்டியரிங் இழுக்குதுன்னு" என்றார் சாரதி. சொன்னது வாயால். கேட்டவர்கள் கொழுந்து சீசன் முடியட்டும் என்றார்கள். விசாரணை வந்தபோது அவரிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி, "ஏன் வேகமாகப் போனாய்?" கருங்கல் பதித்த அந்த ஏற்றத்தில் அந்த வண்டியை வேகமாக ஓட்டிக் காட்ட யாராவது இருந்தால் நாங்களும் போய்ப் பார்ப்போம்.

கழன்றது டை ரொட் எண்ட். உள்ளங்கையில் அடங்கும் சாமான். ஸ்டியரிங்கைத் திருப்பும்போது அந்தத் திருப்பத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் கம்பியின் நுனியில் ஒரு குண்டும் அதைப் பிடித்திருக்கும் கிண்ணமும் இருக்கின்றன. அதைச் சுற்றி ஒரு ரப்பர் உறை, உள்ளே கிரீஸ். உறை கிழிந்தால் சேறும் தண்ணீரும் உள்ளே போகும், கிரீஸ் கழுவிப்போகும், குண்டு தேயும். தேய்ந்த குண்டு ஒருநாள் கிண்ணத்தை விட்டு வெளியே வரும். அதற்கு முன் அது ஆடும், தட்டும், வண்டியை இழுக்கும், டயரின் ஒரு ஓரத்தை மட்டும் தின்னும். பல நாட்கள் சொல்லிவிட்டுத்தான் கழலும்.

சொன்னதைக் கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்று ஹல்துமுல்லைப் பிரிவில் இருக்கிற நமக்கு வேறு யாரும் படிப்பிக்க வேண்டியதில்லை. மீரியபெத்தைக்கு 2005இலும் 2011இலும் எச்சரிக்கை கொடுக்கப்பட்டிருந்தது. 2014 ஒக்டோபர் 29 காலையில் மலை இறங்கியது. மலையையும் கெப்பையும் ஒன்றாக வைத்துப் பேசுவது சிலருக்குப் பிடிக்காமல் இருக்கலாம். சொன்ன சொல் யாருடைய மேசையில் கிடந்தது என்ற கேள்வி இரண்டுக்கும் ஒன்றுதான்.

2025 செப்டெம்பரில் எல்ல–வெல்லவாய வீதியில் பஸ் பள்ளத்தில் விழுந்த பிறகு எங்கும் பிரேக் பற்றிய பேச்சாக இருந்தது. பேசத்தான் வேண்டும். ஆனால் பெரகலையிலிருந்து அப்புத்தளைக்கு ஏறுகிறவர்களும் கொஸ்லாந்தைப் பக்கம் இறங்குகிறவர்களும் ஒரு மணித்தியாலத்தில் எத்தனை வளைவு திருப்புகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு வளைவிலும் உயிர் அந்தக் குண்டிலும் தொங்குகிறது. புகைப் பரிசோதனைச் சான்றிதழ் புகையைப் பற்றித்தான் சொல்லும். அதை வாங்கிக் கண்ணாடியில் அனுமதிப்பத்திரம் ஒட்டியிருப்பதால் ஸ்டியரிங் சரி என்று ஆகாது.

இதைப் பார்க்கப் பெரிய கராஜ் தேவையில்லை. சக்கரங்களை நேராக வைத்து, என்ஜின் ஓடும்போது ஸ்டியரிங்கை மெல்ல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அசையுங்கள். சக்கரம் அசையாமல் ஸ்டியரிங் மட்டும் இரண்டு விரலகலத்துக்கு மேல் போனால் எங்கோ தேய்மானம். பிறகு என்ஜினை நிறுத்தி, பின்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, முன்சக்கரத்தை ஜக்கில் தூக்குங்கள். சக்கரத்தின் இரு பக்கத்தையும் பிடித்து ஆட்டினால் டை ரொட் எண்டின் தேய்வு கையில் தெரியும். மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் பெயரிங் அல்லது போல் ஜொயிண்ட், லொறியானால் கிங் பின். ஜக்கை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் யாரும் படுக்கக் கூடாது. நட்டில் ஸ்பிளிட் பின் இருக்கிறதா என்று டோர்ச் அடித்துப் பாருங்கள். பின் இருக்க வேண்டிய இடத்தில் கட்டுக்கம்பி சுற்றியிருந்ததை நாங்கள் கண்டிருக்கிறோம். வண்டி ஒரு பக்கம் இழுத்தால் முதலில் டயர் காற்றைப் பாருங்கள், சில நேரம் காரணம் அவ்வளவுதான். காற்று சரியாக இருந்தும் இழுத்தால் விடக் கூடாது.

ஒட்டு வேலை பற்றி ஒரு வார்த்தை. ஸ்டியரிங் சாமானை வெல்டிங் செய்யவோ சூடாக்கி நிமிர்த்தவோ கூடாது. நம் பாஸ்மாருக்குக் கைத்திறமை அதிகம், அதில் சந்தேகமில்லை. ஆனால் சூடுபட்ட இரும்பு பழைய பலத்தோடு இருக்காது, வெளியே பார்த்தால் தெரியவும் தெரியாது. பெரிய கம்பனியின் இரும்பே முறிந்திருக்கிறது. ஹைலக்ஸ் வண்டிகளின் ஸ்டியரிங் ரிலே ரொட் முறியக்கூடும் என்று டொயோட்டா 2004இல் ஜப்பானில் அவற்றைத் திருப்பி அழைத்தது. அமெரிக்காவில் அதே குறைக்கு 2005இல்தான் அழைத்தது. அந்தத் தாமதத்துக்காக 2010இல் அங்கே 1 கோடியே 60 இலட்சம் டொலருக்கு மேல் தண்டம் கட்டியது. குறை தெரிந்தும் தாமதித்தால் அங்கே அதற்கு ஒரு விலை இருக்கிறது. நின்ற இடத்தில் ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்துத் திருப்பும்போதுதான் அந்தக் கம்பிக்கு அதிக பாரம். நம் முடக்குகளில் பின்னெடுத்துத் திருப்பும் சாரதிமார் சக்கரம் கொஞ்சம் உருளும்போது திருப்பினால் நல்லது.

ஸ்பிரிங்கிலும் நாம் ஏமாறுகிறோம். பாரம் கூட ஏற்றுவதற்காகப் பின்னால் இன்னும் இரண்டு பட்டை போடுகிறார்கள். பட்டை கூடினால் வண்டி தாழாது, அவ்வளவுதான். அச்சுக்குப் பின்னால் ஆட்களும் கொழுந்துச் சாக்கும் நிறைந்தால் முன்பக்கம் தூக்கும், ஏற்றத்தில் ஸ்டியரிங் காற்றில் திருப்புவதுபோல இலேசாகிவிடும். அதைத் திறமை என்று நினைக்கிற இளம் சாரதிகள் இருக்கிறார்கள். உடைந்த பட்டை, தளர்ந்த யூ போல்ட், எண்ணெய் கசியும் ஷொக் அப்சோபர் எல்லாமே ஸ்டியரிங்கின் நோய்களும்தான்.

இறக்குமதி நின்றதால் வாகனங்கள் பழசாகிவிட்டன என்று நிர்வாகங்கள் சொல்கின்றன. 2020 மார்ச்சிலிருந்து 2025 பெப்ரவரி வரை வாகன இறக்குமதி பெரும்பாலும் நின்றிருந்தது என்பது உண்மை. ஆனால் டை ரொட் எண்ட் மாற்றப் புது வாகனம் இறக்க வேண்டியதில்லை, பண்டாரவளைக்கு ஆளனுப்பினால் போதும்.

நம் பக்கத்துப் பிழையையும் மறைக்க வேண்டாம். சம்பளப் பேச்சுவார்த்தைக்கு எத்தனை முறை போயிருக்கிறோம்? ஆட்களை ஏற்றும் வாகனத்தைப் பற்றி ஒரு வரி எழுதிக் கொண்டுபோனதில்லை. கல்யாணத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் வாடகைக் கெப்பில் இருபது பேர் ஏறும்போது டயரைக் குனிந்து பார்ப்பவர் நம் லயங்களிலும் இல்லை. லீசிங்கில் வண்டி எடுத்துப் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றும் தம்பிமாரும் இதைத் தங்களுக்கு எழுதியதாகவே எடுத்துக்கொள்ளட்டும்.

கமிட்டியில் முடிவெடுத்து நிர்வாகத்துக்குக் கடிதம் கொடுத்திருக்கிறோம். சாரதி சொல்லும் குறையை எழுத ஒரு கார்பன் புத்தகம் வேண்டும், ஒரு தாள் கந்தோருக்கு, ஒரு தாள் கமிட்டித் தலைவருக்கு. ஸ்டியரிங் குறை எழுதப்பட்ட வண்டியில் அது திருத்தப்படும்வரை ஆள் ஏற்றக் கூடாது. ஏற மறுத்த பெண்ணுக்கு அன்றைய பெயர் வெட்டப்படக் கூடாது. கை முறிந்தவருக்காக 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டத்தின் கீழ் விண்ணப்பமும் போயிருக்கிறது.

கடிதத்துக்கு இன்னும் பதில் வரவில்லை. புத்தகத்தை நாங்களே வாங்கிச் சாரதியிடம் கொடுத்துவிட்டோம். முதல் தாளில் அவர் எழுதியிருப்பது: "இடது முன்சக்கரம், ரப்பர் கிழிஞ்சிருக்கு."