டிஷ்ஷைக் கழட்டுவோம்

லயத்துக் கூரை ஒழுகினாலும் மேல டிஷ் இருக்குன்னு வட்டகொடைக்கு வர்றவங்க சிரிக்கிறாங்க. சிரிக்கட்டும். எங்க கோபம் வேற. அம்மா கொழுந்து பறிச்ச காசுல மாசாமாசம் ரீலோட் பண்ணுறோம். அதுல நம்ம தோட்டத்து முகம் ஒண்ணாவது வருதா?

ராஸ்பெரி பை 2012இல் வந்தபோது விலை 35 டொலர். இன்றைய டொலருக்கு அது நமக்குக் கட்டாது. ஏதாவது அலுவலகம் கழித்துப்போட்ட பழைய கொம்பியூட்டர் போதும். லினக்ஸ், அதற்கு மேல் 'கோடி' என்ற மென்பொருள், இரண்டுமே இலவசம். எச்டிஎம்ஐ வயரை டிவியில சொருகினா படம் ஓடும். டேட்டா தீர்ந்தாலும் ஹார்ட் டிஸ்க்கில் இருப்பது ஓடும். கரண்ட் பில் கொஞ்சம் ஏறும், ஒத்துக்கிறோம்.

"கெம்பஸ் போன புள்ளைங்க வந்து டிவியக் கெடுக்குதுங்க"ன்னு காம்பராவுல பேச்சு. இதே வட்டகொடை மடக்கும்புர தோட்டத்தில் பிறந்த சி.வி. வேலுப்பிள்ளை மலைநாட்டு மக்களின் பாடல்களை நூலாகத் தொகுத்தார். அவர் கையில் இருந்தது பேனா. நம்ம கையில போன் இருந்தும், காமன் கூத்துல தப்படிச்ச தாத்தாவோட வீடியோ உடைஞ்ச போனோட போயிருச்சு. தாத்தாவும் இப்ப இல்ல.

மிச்சம் இருக்கிறதையாவது முதல்ல அந்தப் பெட்டியில ஏத்துவோம். சீரியலை அம்மா யூடியூப்ல பாக்கட்டும், அந்தச் சண்டைக்கு நாங்க வரல.