நிதி அலுவலர் வெறும் கணக்குப்பிள்ளையா?

பல்கலைக்கழக வளாகங்களில் நிதி அலுவலரைப் பற்றி ஒரு பேச்சு வெகுநாளாக உலவுகிறது. அவர் கணக்கு எழுதுகிறவர். பில்லைப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டியவர். அதைச் செய்யாமல் கோப்பைத் திருப்பி அனுப்பியே நல்ல வேலைகளைக் கெடுக்கிறவர். கல்வி பற்றிய முடிவுகளில் அவருக்கு இடமில்லை. பணம் போதவில்லை என்றால் அரசு தர வேண்டும், நிதி அலுவலரால் ஆவது ஒன்றுமில்லை. தனித்தனியாகக் கேட்கும்போது இவற்றில் ஒவ்வொன்றும் நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் தமிழ்நாட்டின் பெரிய பல்கலைக்கழகங்கள் சில, மாதச் சம்பளம் போடவே தடுமாறும் நிலைக்கு வந்ததற்கு இந்த எண்ணமும் ஒரு காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதனால் ஒவ்வொன்றாகவே எடுத்துப் பார்க்கிறேன்.

கணக்கு எழுதுகிறவர்தானே என்பதிலிருந்து தொடங்கலாம். திருவாரூரில் இருக்கும் தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகம், 2009-ஆம் ஆண்டின் மத்தியப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தால் உருவானது. அந்தச் சட்டத்தோடு இணைந்த விதிகளில் நிதி அலுவலரின் பொறுப்புகள் வரிசையாகச் சொல்லப்பட்டிருக்கின்றன. ஆண்டுக் கணக்கும் வரவுசெலவுத் திட்டமும் தயாரிப்பது அதில் ஒரு வரி மட்டுமே. நிதியைப் பொதுவாக மேற்பார்வையிடுவது, நிதிக் கொள்கையில் ஆலோசனை சொல்வது, சொத்துகளையும் முதலீடுகளையும் பராமரிப்பது, ஆண்டுக்கு வகுக்கப்பட்ட வரம்பைச் செலவு தாண்டாமல் காப்பது, ரொக்கத்தையும் வங்கி இருப்பையும் இடைவிடாமல் கவனிப்பது, அனுமதியில்லாத செலவைத் துணைவேந்தரின் கவனத்துக்குக் கொண்டுவருவது, இவ்வளவும் அவர் தலையில். எந்தத் துறையிடமும் வேண்டிய விவரத்தைக் கேட்டு வாங்கும் உரிமையும் அவருக்கு உண்டு. சட்டம் எழுதியவர்கள் கணக்குப்பிள்ளையை மனத்தில் வைத்து இதை எழுதவில்லை.

சட்டத்தில் உள்ளது நடைமுறையில் எதற்கு ஆகும் என்று கேட்பவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தைப் பார்க்க வேண்டும். 1857-இல் தொடங்கிய பல்கலைக்கழகம் அது. 2024 பிப்ரவரியில் வருமான வரித் துறை அதன் 37 வங்கிக் கணக்குகளை முடக்கியது. கேட்ட தொகை 424 கோடி ரூபாய். லாப நோக்கமில்லாத ஓர் அரசுப் பல்கலைக்கழகத்துக்கு எப்படி வருமான வரி வந்தது என்று படித்தவர்களே திகைத்தார்கள். காரணம் ஒரு விதியில் இருக்கிறது. அரசின் பணத்தில் பெருமளவு நடக்கும் கல்வி நிறுவனத்துக்கு வருமான வரி கிடையாது. ஆனால் ‘பெருமளவு’ என்பதற்கு 2014 டிசம்பரில் ஓர் அளவு குறிக்கப்பட்டது. அந்த ஆண்டின் மொத்த வரவில் அரசு மானியம் பாதியைத் தாண்ட வேண்டும். தாண்டவில்லை என்றால் அந்த வழியில் விலக்கு இல்லை. அறநிறுவனமாகப் பதிவு செய்து விலக்குப் பெறும் வேறு வழிகள் இருக்கின்றன. அவற்றுக்கு உரிய காலத்தில் விண்ணப்பிக்க வேண்டும், தணிக்கை அறிக்கையும் வரிப் படிவமும் தவறாமல் தாக்கல் செய்ய வேண்டும்.

இதை ஒரு நிமிடம் நிதானமாக யோசித்துப் பார்க்கலாம். மானியம் குறைந்தால் பல்கலைக்கழகம் விலக்கை இழக்கும். மானியம் அப்படியே இருந்து, கட்டணங்களை உயர்த்திச் சொந்த வருமானத்தைப் பெருக்கினாலும் விகிதம் பாதிக்குக் கீழே இறங்கி விலக்கை இழக்கும். அதாவது பற்றாக்குறையைச் சரிசெய்யத் துணைவேந்தரும் ஆட்சிக்குழுவும் எடுக்கும் நல்லெண்ண முடிவே வரியைக் கூட்டி வந்துவிடலாம். எந்த ஆண்டில் இந்தக் கோடு தாண்டப்படும் என்பதை முன்கூட்டியே கண்டு, எழுதி, வேறு வழியில் விலக்குக்கு விண்ணப்பிக்கச் சொல்ல வேண்டியவர் யார்? தமிழ்ப் பேராசிரியரோ வேதியியல் பேராசிரியரோ இல்லை. அந்த ஆண்டுகளில் நிதி அலுவலரின் நாற்காலியில் யார் இருந்தார் என்பது என் கேள்வி இல்லை. அந்த நாற்காலியை நாம் எவ்வளவு மலிவாக மதித்தோம் என்பதுதான். கணக்குகள் முடங்கியபோது அந்தப் பல்கலைக்கழகத்துக்குத் துணைவேந்தரும் இல்லை. 2023 ஆகஸ்டு முதல் அந்தப் பதவி காலியாகக் கிடந்தது.

வரியைக் கவனிக்க அந்த நாற்காலி எவ்வளவு தேவை என்பதற்கு இன்னொரு சான்றும் உண்டு. ஆய்வு மானியங்களுக்கு ஜி.எஸ்.டி. கட்டவில்லை என்று 2024-இல் டெல்லி ஐ.ஐ.டி.க்கு 120 கோடி ரூபாய் கேட்டு நோட்டீஸ் வந்தது. அதற்கடுத்து செப்டம்பரில் கூடிய ஜி.எஸ்.டி. மன்றம் ஆய்வு மானியங்களுக்கு விலக்குத் தர முடிவு செய்தது. அதே கூட்டம், கல்லூரிகளிடம் இணைவுக்காகப் பல்கலைக்கழகம் வாங்கும் கட்டணத்துக்கு விலக்கு இல்லை, 18 சதவீத வரி உண்டு என்றும் தெளிவாக்கியது. நூற்றுக்கும் மேற்பட்ட கல்லூரிகளை இணைத்து வைத்திருக்கும் ஒரு பல்கலைக்கழகத்துக்கு இது சின்ன விஷயம் இல்லை.

அடுத்து, அவர் தடைபோடுகிறவர் என்ற புகார். இதில் உண்மை உண்டு. ஆய்வு மாணவரின் உதவித்தொகை மாதக்கணக்கில் நிற்பதும், ஆய்வகத்துக்கு வேண்டிய வேதிப்பொருள் மூன்று கொட்டேஷன் இல்லை என்று வராமல் போவதும் நடக்கின்றன. விதியின் பின்னால் ஒளிந்துகொண்டு முடிவெடுக்க அஞ்சும் அலுவலர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்காக நான் வாதாடவில்லை. கோப்பைக் காரணம் சொல்லாமல் மேசையில் வைத்திருப்பது வேறு. காரணத்தை எழுதி, கையெழுத்திட்டு, இந்தச் செலவு கூடாது என்று சொல்வது வேறு. முன்னது சோம்பல். பின்னது அவர் சம்பளம் வாங்குவதே எதற்காகவோ அந்த வேலை.

அந்த இரண்டாவது வேலையைச் செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பது மாநிலப் பல்கலைக்கழகங்களின் கோப்புகளிலேயே இருக்கிறது. உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறை ஆண்டுதோறும் வந்து பார்க்கிறது. ஒப்புதலின்றி நிரப்பிய பணியிடம், தகுதிக்கு மேல் கொடுத்த ஊதியம், திரும்ப வராத முன்பணம் என்று தணிக்கைத் தடைகள் எழுகின்றன. அவற்றைத் தீர்க்காமல் விட்டால் அடுத்த மானியத்தில் அந்தத் தொகை கழிக்கப்படுகிறது. அன்று யாரோ ஒருவருக்கு முகம் கோணக் கூடாதென்று போட்ட கையெழுத்துக்குப் பத்து வருடம் கழித்து மொத்த வளாகமும் விலை கொடுக்கிறது. ஆய்வுத் திட்டங்களிலும் இதே கதைதான். முந்தைய தவணைக்குப் பயன்பாட்டுச் சான்றிதழ் போகாமல் அடுத்த தவணை வராது. அந்தச் சான்றிதழுக்கு ரசீது கேட்கும்போது நிதிப் பிரிவுமீது கோபம் வருகிறது. பணம் வராதபோது டெல்லிமீது கோபம் வருகிறது.

அரசு பணம் தர வேண்டும் என்பது மூன்றாவது வாதம். தர வேண்டும்தான். பொதுப் பல்கலைக்கழகத்தைப் பொதுப் பணத்தில் நடத்துவது அரசின் கடமை. அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் 2023, 2024 ஆண்டுகளில் சம்பளமும் ஓய்வூதியமும் தள்ளிப்போய், ஆசிரியர்களும் ஊழியர்களும் ஓய்வூதியர்களும் போராடியபோது அவர்கள் பக்கம் முழு நியாயம் இருந்தது. ஆனால் ‘அரசு தரவில்லை’ என்ற ஒற்றை வரியோடு நிறுத்திவிட்டால் நெருக்கடி எப்படி உருவானது என்ற பாதிக் கதை மறைந்துபோகிறது.

சிதம்பரத்துக்குப் போவோம். அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1929-இல் அண்ணாமலைச் செட்டியார் தொடங்கியது. தொலைதூரக் கல்வியில் தமிழகம் முழுக்கப் பெயரும் வருமானமும் ஈட்டியது. அந்த வருமானம் ஓடிக்கொண்டிருந்த காலத்தில் தேவைக்கு மேல் ஆயிரக்கணக்கானோர் வேலையில் சேர்க்கப்பட்டார்கள். 2012-இன் இறுதியில் சம்பளத்தைக் குறைக்கப் போவதாகச் சொல்லும் நிலை வந்தது, போராட்டம் வெடித்தது. 2013-இல் அரசு ஓர் ஐ.ஏ.எஸ். அதிகாரியை நிர்வாகியாக அமர்த்தியது, பின்னர் புதுச் சட்டம் இயற்றிப் பல்கலைக்கழகத்தையே எடுத்துக்கொண்டது. உபரி ஊழியர்களை மாநிலத்தின் மற்ற கல்லூரிகளுக்கும் அலுவலகங்களுக்கும் பணிநிரவல் செய்ய வேண்டியிருந்தது. குடும்பத்தைச் சிதம்பரத்தில் விட்டுவிட்டு வெளி மாவட்டங்களுக்குப் போனவர்கள் ஒரு தவறும் செய்யாதவர்கள்.

தொலைதூரக் கல்விக் கட்டணம் ஏறும் இறங்கும். அதை நம்பிப் போடும் பணி நியமனம் முப்பது வருடம் நிற்கும், அதற்குப் பிறகு பலருக்கு ஓய்வூதியமும் உண்டு. நிலையில்லாத வரவைக் கொண்டு நிலையான செலவை ஏற்பது ஆபத்து என்பதை அந்த நியமனங்களுக்கு முன்னால் எழுத்தில் சொல்வதுதான் நிதி அலுவலரின் தலையாய வேலை. மேலே சொன்ன மத்தியச் சட்டத்தின் விதிகள் இதற்கு ஒரு வாசலே வைத்திருக்கின்றன: புதிய பணியிடம் எதுவானாலும் முதலில் நிதிக்குழு ஆராய வேண்டும், அதன் பிறகே நிர்வாகக் குழுவுக்குப் போக வேண்டும். தமிழ்நாட்டில் 2003 ஏப்ரலுக்கு முன் பணியில் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியத் திட்டம். எந்த ஆண்டில் எத்தனை பேர் ஓய்வு பெறுவார்கள் என்பது பணிப்பதிவேட்டைப் பார்த்தாலே தெரியும். இருபது ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்திருக்கக்கூடிய செலவு அது. அதைத் ‘திடீர் நெருக்கடி’ என்று யாரும் சொல்லக் கூடாது.

இவ்வளவையும் ஒப்புக்கொள்பவர்களில் சிலர் உடனே எதிர்முனைக்குத் தாவுகிறார்கள். அப்படியானால் தனியார் நிறுவனங்களில் இருப்பதுபோல் பெரிய சம்பளத்தில் ஒரு தலைமை நிதி அலுவலரைக் கொண்டுவந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார்கள். இதையும் நான் ஏற்கவில்லை. நிதித் திறமைக்குப் பஞ்சமே இல்லாத இடம் ஹார்வர்டு. ஆல்ஸ்டன் பகுதியில் புதிய வளாகம் கட்டப் பின்னாளில் வாங்கப்போகும் கடனுக்கு, 2004 வாக்கிலேயே வட்டியை உறுதிசெய்து வைக்கும் ஒப்பந்தங்களைப் போட்டார்கள். அன்றாடச் செலவுக்கான பணத்தையும் அறக்கட்டளை நிதியோடு சேர்த்துச் சந்தையில் முதலீடு செய்தார்கள். 2008-இல் சந்தையும் வட்டியும் ஒன்றாகச் சரிந்தன. 3,690 கோடி டாலராக இருந்த அறக்கட்டளை நிதி ஒரே ஆண்டில் சுமார் 2,600 கோடிக்கு இறங்கியது. அன்றாடப் பணத்தில் 180 கோடி டாலர் போயிற்று. வட்டி ஒப்பந்தங்களிலிருந்து விடுபடவே ஏறத்தாழ 50 கோடி டாலர் கட்டினார்கள். கையில் ரொக்கம் வேண்டுமென்று 250 கோடி டாலருக்குக் கடன் பத்திரம் விற்றார்கள். எந்த வளாகத்துக்காக அந்த ஒப்பந்தங்களைப் போட்டார்களோ, அந்த வளாகத்தின் கட்டுமானத்தை 2009 டிசம்பரில் நிறுத்தி வைத்தார்கள்.

அரிசோனா பல்கலைக்கழகத்தில் 2023 நவம்பரில் வெளிவந்தது இன்னும் எளிய தவறு. கையில் இருக்கும் ரொக்கம் எத்தனை நாள் செலவுக்கு வரும் என்பதில் பிழை: 156 நாள் என்று மதிப்பிட்டிருந்தார்கள், உண்மையில் 97 நாள்தான். வித்தியாசம் சுமார் 24 கோடி டாலர். அடுத்த மாதமே தலைமை நிதி அலுவலர் பதவி விலகினார். 2024 ஏப்ரலில் தலைவரும் விலகப் போவதாக அறிவித்தார். பதவிக்குப் பெரிய பெயர் வைப்பதாலும் சம்பளத்தைக் கூட்டுவதாலும் இந்தத் தவறுகள் தடுக்கப்படுவதில்லை. கணக்கை இன்னொருவர் சரிபார்க்க வேண்டும். உற்சாகமான திட்டத்துக்கு நடுவே ‘சரிந்தால் என்ன செய்வோம்’ என்று கேட்கும் ஆளுக்கு வேலை போய்விடும் என்ற பயம் இருக்கக் கூடாது.

நம்மிடம் அந்தப் பாதுகாப்புத்தான் இல்லை. மத்தியப் பல்கலைக்கழகத்தில் நிதி அலுவலருக்கு ஐந்தாண்டுப் பதவிக்காலம் இருக்கிறது. மாநிலப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் அந்த நாற்காலி ‘பொறுப்பு’ என்ற அடைமொழியோடு ஓடுகிறது. வேறு துறையிலிருந்து அயற்பணியில் வருபவர் சூழலைப் புரிந்துகொள்வதற்குள் திரும்பிப் போகிறார். இல்லையென்றால் வகுப்பும் எடுத்துக்கொண்டு, ஆய்வும் நடத்திக்கொண்டு ஒரு பேராசிரியரே கூடுதல் பொறுப்பாகப் பார்க்கிறார். நாளைக்குத் தன் பதவி உயர்வில் கையெழுத்துப் போடப்போகும் துணைவேந்தரிடம் அவர் எப்படி ‘கூடாது’ என்று எழுதுவார்? அந்தப் பேராசிரியரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவரை அங்கே உட்கார வைத்த ஏற்பாட்டைத்தான் குறைசொல்கிறேன்.

கடைசி வாதம், நிதி அலுவலருக்கு இடம் கொடுத்தால் கல்வியின் சுதந்திரம் போய்விடும் என்பது. இந்த அச்சத்தை நான் மதிக்கிறேன். எந்தத் துறைக்கு மாணவர் குறைவோ அதை மூடிவிடலாம் என்று எண்களை மட்டும் பார்ப்பவர் சொல்லிவிட முடியும். கல்வெட்டியலும் மொழியியலும் அப்படிப் போய்விடக் கூடாது. ஆனால் மத்தியச் சட்டத்தின் விதிகள் இதற்கும் விடை வைத்திருக்கின்றன. நிதி அலுவலர் நிதிக்குழுவின் செயலாளர். அதன் உறுப்பினராகக் கருதப்படுவதில்லை. கல்வெட்டியல் துறை வேண்டுமா என்பதைக் கல்வியாளர்கள் முடிவு செய்யட்டும். அதற்கு ஆண்டுக்கு எவ்வளவு ஆகும், அந்தப் பணம் எங்கிருந்து வரும், எத்தனை ஆண்டு வரும் என்பதை அவர் எழுதட்டும். உண்மையில் சிறிய துறைகளைக் காப்பாற்ற விரும்புகிறவர்களுக்குத்தான் அந்தக் குறிப்பு அதிகம் தேவை. சம்பளமே போட முடியாத நிலை வந்தால் ஓய்வு பெற்றவரின் இடம் முதலில் காலியாக விடப்படுவது அந்தத் துறைகளில்தான்.

அவர் எழுதும் குறிப்பு வெட்டப்படாமல் ஆட்சிக்குழுவின் முன் வைக்கப்பட வேண்டும். ஆட்சிக்குழு அதை மீறி முடிவெடுக்கலாம், எடுத்தால் காரணம் நடவடிக்கைக் குறிப்பில் பதிவாக வேண்டும். ஓய்வூதியம், வரி, தீராத தணிக்கைத் தடைகள் ஆகிய மூன்றின் நிலவரமும் ஆண்டுதோறும் ஊழியர்களும் ஓய்வூதியர்களும் படிக்கும்படி தமிழில் வெளியாக வேண்டும். நிலையான பதவிக்காலம் தருவதற்குச் சில பல்கலைக்கழகங்களில் சட்டத் திருத்தம் வேண்டியிருக்கும். மற்றவற்றுக்கு ஆட்சிக்குழுத் தீர்மானம் போதும்; அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலிலேயே சேர்க்கலாம்.