இஎஸ்ஐ அட்டைக்கு ஊசி இல்லையா?



மாதம் 15,000 ரூபாய் சம்பளம் வாங்கும் பனியன் தொழிலாளியிடம் இஎஸ்ஐக்கு 112 ரூபாய் 50 காசு பிடிக்கிறார்கள். முதலாளி பங்கு 487 ரூபாய் 50 காசு. ஆக, ஆண்டுக்கு 7,200 ரூபாய்.

16 வயது மகளுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்பிவி ஊசி போடலாம் என்று அட்டையோடு இஎஸ்ஐ மருந்தகத்துக்குப் போனேன். "அந்த ஊசி இங்கெ வரதில்லீங்க அக்கா" என்றார் செவிலியர். அவர் மேல் தவறில்லை. வெளியே ஒரு ஊசி சுமார் 2,000 ரூபாய். 15 வயதைத் தாண்டினால் மூன்று ஊசி. சனிக்கிழமைச் சம்பளத்தில் வாடகைக்கும் மளிகைக்கும் போக அவ்வளவு மிஞ்சுமா?

2025-26 பட்ஜெட்டில் தமிழக அரசு அறிவித்த இலவச எச்பிவி ஊசி 14 வயதுச் சிறுமிகளுக்கு. மனதார வரவேற்கிறேன். ஆனால் அந்த வயதைக் கடந்துவிட்ட பிள்ளைகள்? தனியார் காப்பீடு எடுத்தவர்களுக்கும் வழியில்லை. நாய்க்கடி போன்றவற்றுக்குத் தவிர, பெரும்பாலான பாலிசிகள் தடுப்பூசிச் செலவைத் தருவதில்லை. பவர் டேபிளில் கான்ட்ராக்டுக்குத் தைக்கும் பலருக்கு இஎஸ்ஐயே கிடையாது.

புற்றுநோய் வந்தபின் அறுவைக்கும் கதிர்வீச்சுக்கும் லட்சங்களைக் கொடுக்கும் இஎஸ்ஐ, வருமுன் தடுக்க ஆறாயிரம் கொடுக்கக் கூடாதா? 26 வயது வரையுள்ள தொழிலாளப் பெண்களுக்கும் தொழிலாளர்களின் மகள்களுக்கும் மருந்தகத்திலேயே இந்த ஊசியைப் போட வேண்டும். ஹாஸ்டல்களில் தங்கித் தைக்கும் ஒடிசா, ஜார்க்கண்ட் பெண்களையும் விட்டுவிடாதீர்கள். ஞாயிறன்று முகாம் வைத்தால் சம்பளமும் போகாது.

– ஓர் ஓவர்லாக் டெய்லர்,
15 வேலம்பாளையம், திருப்பூர்