கடிகாரம் பின்னோக்கிப் போன கணினி: மாவட்டச் செயலாளருக்கு ஒரு திறந்த மடல்



வன்னிப் பெருநிலப்பரப்பிலுள்ள பிரதேச செயலகமொன்றின் பதிவாளர் கிளைக் கணினியில் எவரும் உள்நுழைய முடியாதிருப்பது பற்றி மூன்று கடிதங்கள் தங்கள் அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டும், ஒன்றுக்கேனும் பதில் வராத நிலையிலேயே இம்மடல் எழுதப்படுகிறது. செயலகத்தின் பெயர் அக்கடிதங்களில் உள்ளது.

அலுவலக வலையமைப்பில் இணைந்த கணினி தன் பயனரைத் தானாக அடையாளம் காண்பதில்லை. ஆள்களம் எனப்படும் பொது நிருவாக வட்டத்தின் சேவையகமே கடவுச்சொல்லைச் சரிபார்த்து அனுமதி வழங்குகிறது. விண்டோஸ் ஆள்களங்களில் இதற்குப் பயன்படும் கேர்பெரோஸ் முறை, ஒருவருக்கு வழங்கிய அனுமதியைப் பிறர் களவாடிப் பின்னர் பயன்படுத்தாதிருக்கும்பொருட்டு இரு பக்கக் கடிகாரங்களையும் ஒப்பிட்டு, வழக்கமான அமைப்பில் 5 நிமிடங்களுக்கு மேற்பட்ட வேறுபாடு இருந்தால் மறுத்துவிடுகிறது. மின்சாரம் இல்லாத வேளையில் கணினியின் கடிகாரத்தை ஓடவைப்பது தாய்ப்பலகையிலுள்ள, நாணயக்குற்றி அளவான ஒரு பற்றரி. அது செத்துவிட்டால் ஒரு மின்தடையோடு திகதி பல ஆண்டுகள் பின்னே போய்விடும், சரியான கடவுச்சொல்லும் செல்லாமற்போகும்.

இக்கிளையில் நேர்ந்தது இதுவே. மின்தடைக்கு அடுத்த நாட்காலை திரையில் தெரிந்த ஆண்டு, அக்கணினி வாங்கப்பட்ட ஆண்டுக்கும் முந்தியது. கிளை உத்தியோகத்தர் காரணத்தை அன்றே கண்டுபிடித்து அறிவித்தார். ஆயினும் திகதியைத் திருத்துவதற்கான நிருவாகிக் கடவுச்சொல் கொழும்பில் இருக்கிறது. பெட்டியைத் திறந்து பற்றரியை மாற்றவும் அங்கிருந்தே அனுமதி வரவேண்டும். 2023 ஓகஸ்ட்டில் அரச மேகக்கணிமை தாக்கப்பட்டு, மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் காப்புப்பிரதியின்றி இழக்கப்பட்டபின், கட்டுப்பாடு இறுக வேண்டியதுதான். ஆனால் ஒரு முழு மாவட்டத்தில் நம்பத்தக்க உத்தியோகத்தர் ஒருவரேனும் இல்லையெனக் கருதும் ஏற்பாட்டைப் பாதுகாப்பின் பெயரால் நியாயப்படுத்த முடியாது.

2009 இடப்பெயர்வில் ஆவணங்களையெல்லாம் பறிகொடுத்த தாயொருவர், மகளின் தேசிய அடையாள அட்டைக்கெனப் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தின் பிரதி கேட்டு இக்கருமபீடத்துக்கு நான்கு தடவை வந்து, கச்சான் பிடுங்கும் கூலியை நான்கு நாளும் இழந்து, வெறுங்கையோடு திரும்பினார். நான்காம் நாள், மகளின் பெயரும் கணினிக்குள் தொலைந்துவிட்டதா என்று கேட்டார். அவருக்கு விடை சொல்லும் கடமை இருக்கையிலிருந்த இளநிலை உத்தியோகத்தருக்கு உரியதா? கடிதங்களைப் பெற்றுக்கொண்டு மௌனம் காத்த தங்களுக்கே உரியது.

மாவட்டத்தின் தகவல் தொழினுட்ப உத்தியோகத்தரிடம் நிருவாகி அதிகாரத்தை ஒப்படைக்கும் உத்தரவைத் தாங்கள் கேட்டுப் பெறவேண்டும். ஏன் இதுவரை கேட்கவில்லை என்பதையும் மக்களுக்குச் சொல்லவேண்டும். அந்தப் பற்றரி நகரத்து மணிக்கூடு திருத்தும் கடைகளில்கூடக் கிடைக்கிறது. வரும் திங்கட்கிழமை அத்தாய் ஐந்தாவது தடவையாக வரவிருக்கிறார்.