காப்பிரி என்னும் சொல்

அரூரில் அண்மையில் கருநிறச் சிறுவனொருவனை அவன் தோழர்கள் "காப்பிரி" என்று எள்ளக் கேட்டேன். பெரியவர்களும் உடன் நகைத்தனர்.

அச்சொல்லின் மூலம் எது? 'காஃபிர்' என்னும் அரபுச் சொல்லே. இறைமறுப்பாளரைக் குறித்த அதனை அரபு வணிகர் ஆப்பிரிக்கர்மீது சார்த்தினர், போர்த்துக்கீசியர் பரப்பினர், நாமும் சிந்தியாது ஏற்றோம். மக்கத்துக் கொடுமைக்குத் தப்பிய முதல் முஸ்லிம்களுக்குக் கி.பி. 615இல் அடைக்கலம் தந்தது ஹபஷா நாடன்றோ? அந்நாட்டு வழிவந்த பிலால் (ரலி) அன்றோ நம் முதல் முஅத்தின்?

"அஃது அரபு நாட்டுச் செய்தி, இந்தியாவில் கறுப்பர்க்கு வரலாறு ஏது?" என்பீர். அகமதாபாத்தில் 1573இல் எழுந்த சித்தி சையது பள்ளிவாசலின் கற்சாளரங்களைக் காணுங்கள். ஹபஷாவில் பிறந்து அடிமையாக விற்கப்பட்ட மாலிக் அம்பர், அகமதுநகர் அரசைத் தாங்கி முகலாயரை எதிர்த்து நின்றார். 1610இல் அவர் அமைத்த கட்கி நகரே பின்னர் ஔரங்காபாத் ஆயிற்று. ஆப்பிரிக்க வழிவந்த சித்தி இனத்தவர் இன்றும் குஜராத்திலும் கர்நாடகத்திலும் வாழ்கின்றனர். எண்ணிக்கையிற் சிறியோர் வரலாற்றிலும் சிறியோராவரோ?

மகனுக்குப் பிலால் என்று பெயரிட்டு, அவனுக்குச் சிவந்த பெண்ணைத் தேடுவது என்ன நியாயம்? பிலாலைக் கற்பித்த நானும் இதுகாறும் அம்பரைக் கற்பித்ததில்லை. அக்குறையை இனித் தீர்ப்பேன். நீங்களோ, அந்த இழிசொல்லை இன்றே உங்கள் இல்லத்திலிருந்து வெளியேற்றுங்கள்.