கேலி இல்லாத தமிழ் வகுப்பு

ஆம்பூர், வாணியம்பாடி தோல் தொழில் வட்டாரத்தில் தமிழுடன் உருதும் தெலுங்கும் வீட்டு மொழிகள். உருது பேசும் வீட்டுப் பிள்ளைக்கு ழகரம் புதிது. வலமிருந்து இடமாக எழுதிப் பழகிய பிள்ளை நோட்டைப் பின்பக்கத்திலிருந்து திறக்கக்கூடும். அதை மந்தபுத்தி என்று நினைத்துக் கேலி செய்தால் அந்தப் பிள்ளை அப்புறம் வாயே திறக்காது. பெயர் இருக்கும்போது முஸ்லிம் பிள்ளையை ‘பாய்’ என்று கூப்பிடுவதும் அப்படித்தான். கடைத்தெருவில் மரியாதையான விளி, ஆசிரியர் வாயில் வரும்போது ‘இவன் வேறு’ என்று வகுப்புக்கே சொல்லிவிடுகிறது.

2006-ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டம் பள்ளிகளில் தமிழைக் கட்டாயமாக்கியது. 2023-ல் உச்ச நீதிமன்றம் மொழிச் சிறுபான்மைப் பள்ளிகளின் பத்தாம் வகுப்பு மாணவர்களுக்குத் தமிழ்த் தேர்விலிருந்து ஓராண்டு விலக்கு தந்தது. விவாதம் தேர்வோடு நின்றுவிட்டது. வகுப்பறையை யாரும் எட்டிப் பார்க்கவில்லை. விலக்கு கேட்கும் பெற்றோரின் கவலை நியாயமானதே. ஆனால், தமிழ்த் தகுதித் தாளில் தேறாமல் டிஎன்பிஎஸ்சி வேலை கிடைக்காது. விலக்கு நாளை பிள்ளைக்கே பாதகமாகும். எனவே மாற வேண்டியது வகுப்பறைதான். ‘ஒவ்வொரு பிள்ளையின் வீட்டு மொழியையும் பார்த்தால் பாடத்தை எப்போது முடிப்பது?’ என்று ஆசிரியர்கள் கேட்கலாம். பிள்ளை பயந்து ஒடுங்கியிருக்கும் வகுப்பில் பாடத்தை முடித்து என்ன பயன்? தமிழை இரண்டாம் மொழியாகக் கற்பிக்கும் பயிற்சியை இந்த வட்டார ஆசிரியர்களுக்கு அரசு உடனே தர வேண்டும்.